32 வண்டிகளும் ஒரே மாதிரி இருந்தால் அது வடிவமைப்புப் பாடமா?

மூன்றாம் வகுப்பு ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்துக்கு வாரத்தில் ஓர் அமர்வு ஒதுக்கியிருக்கிறார்கள். சென்ற மாதம் உருளும் வண்டி செய்யும் பணியை நான்கு அமர்வுகளில் நடத்தி முடித்தேன். வண்டியின் அடித்தட்டையும் சக்கரங்களையும் முந்தைய இரவே நான் வரைந்து, வெட்டி, துளையிட்டு, ஆளுக்கோர் உறையில் போட்டு எடுத்துப் போனேன். பிள்ளைகள் வண்ணம் தீட்டி, நான் பலகையில் எழுதிய வரிசைப்படி உறிஞ்சுகுழலை ஒட்டி, குச்சியைச் செருகி, சக்கரங்களை மாட்டினார்கள். 32 பிள்ளைகள், 32 வண்டிகள், அத்தனையும் உருண்டன. சன்னலோரம் வரிசையாக வைத்தபோது பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

மறுநாள் ஒரு சிறுமி சன்னலருகே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். தன்னுடைய வண்டி எதுவென்று தெரியவில்லை என்றாள். அவளும் நானுமாக நீல வண்ணம் பூசிய வண்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம். கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று மாலை இன்னொரு பையனிடம் வண்டியைக் கையில் கொடுத்து, அடியில் ஒட்டியிருக்கும் உறிஞ்சுகுழல் எதற்காக என்று கேட்டேன். ‘நீங்கள் ஒட்டச் சொன்னீர்கள், ஒட்டினேன்’ என்றான். அவன் சொன்னதில் தவறே இல்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

எல்லாவற்றையும் பிள்ளைகளிடமே விட்டால் பாதி வண்டிகள் உருளாது, நேரமும் போதாது, சில பிள்ளைகள் மனம் உடைந்து போவார்கள் என்று அஞ்சுகிறேன். எல்லாவற்றையும் நானே முடிவுசெய்து கொடுத்தாலோ, அவர்கள் கற்றது என்ன என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவர்கள், எதை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்கிறீர்கள், எதைப் பிள்ளைகளிடம் விடுகிறீர்கள் என்று விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

---

கருவிப்பெட்டி

வணக்கம் அம்மா. முந்தைய இரவு நீங்கள் செய்த வேலையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அடித்தட்டு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், சக்கரம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், துளை எங்கே விழ வேண்டும், இரண்டு அச்சுகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் விட வேண்டும் என்றெல்லாம் யோசித்திருப்பீர்கள். முதலில் வெட்டிய சக்கரம் சரியில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வெட்டியிருக்கவும் கூடும். அந்த யோசனைதான் வடிவமைப்பு. அந்தப் பாடத்தை அன்றிரவு நீங்களே முழுமையாகக் கற்றுக்கொண்டு, மறுநாள் பிள்ளைகளுக்கு ஒட்டும் வேலையை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. முதல் மூன்று ஆண்டுகள் நானும் இப்படித்தான் நடத்தினேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990ஆம் ஆண்டில் இந்தப் பாடம் தேசியப் பாடத்திட்டத்தில் 5 வயது முதலே கட்டாயமாக்கப்பட்டது. அங்குள்ள ஆசிரியர்கள் பலர் ஒரு பணியைத் திட்டமிடும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வதுண்டு: என்ன செய்கிறோம், யாருக்காகச் செய்கிறோம், எதற்காகச் செய்கிறோம். உங்கள் பணியில் முதல் கேள்விக்கு மட்டும் விடை இருந்தது. வண்டி யாருக்கு, எதைச் சுமக்க என்ற இரண்டும் இல்லாததால், பிள்ளைகளுக்கு முடிவெடுக்க எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. காரணம் இல்லாத இடத்தில் வண்ணம் ஒன்றுதான் எஞ்சும்.

என் வகுப்பில் இதே வண்டியை வேறு விதமாகத் தொடங்குகிறேன். ‘முதல் வகுப்புப் பிள்ளைகளின் வண்ணக் குச்சிகளை மேசைக்கு மேசை உருட்டிக் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும், வழியில் குச்சிகள் கீழே விழக்கூடாது’ என்று சொல்லிவிட்டு, முதல் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளை அழைத்து வந்து உட்கார வைக்கிறேன். என் பிள்ளைகள் அவர்களிடம் கேள்வி கேட்கிறார்கள். எத்தனை குச்சிகள், எவ்வளவு நீளம், இழுக்கக் கயிறு வேண்டுமா, தள்ளப் பிடி வேண்டுமா என்று பேச்சு போகிறது. அந்தக் கால் மணி நேரத்துக்குப் பிறகு எந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே வண்டியைச் செய்ய விரும்புவதில்லை.

அடுத்த அமர்வில் பழைய விளையாட்டு வண்டிகளைக் கொடுத்துக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்கிறேன். பிரிக்கக் கூடியவற்றைப் பிரிக்கிறார்கள். அச்சு சுற்றுகிறதா, சக்கரம் மட்டும் சுற்றுகிறதா என்ற கேள்வியை அப்போது எழுப்புகிறேன். விடையை நான் சொல்வதில்லை, அச்சில் ஒரு புள்ளி வைத்து உருட்டிப் பார்க்கச் சொல்கிறேன். அதன் பிறகுதான் செய்யும் வேலை.

---

அளவுகோல்

மேலே எழுதியவரின் கருத்தை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு பகுதியில் உடன்பட முடியவில்லை. முடிவுகளைப் பிள்ளைகளிடம் விடுங்கள் என்று சொல்வது எளிது. கத்தரிக்கோலை நேராகச் செலுத்தத் தெரியாத பிள்ளையிடம், ஒரு துளையை வேண்டிய இடத்தில் இடத் தெரியாத பிள்ளையிடம், என்ன முடிவை விட முடியும்? அப்பிள்ளையின் எண்ணம் எவ்வளவு அழகானதாக இருந்தாலும் கை அதை அட்டையில் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. தன் எண்ணம் கந்தலாகக் கிடப்பதைப் பார்க்கும் பிள்ளை அடுத்த முறை சிறிய எண்ணத்தோடு வருகிறது. இதை நான் பல வகுப்புகளில் கண்டிருக்கிறேன்.

கைவேலையைப் பொதுக் கல்விக்குள் முதலில் கொண்டுவந்தவர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். கல்வியாளர் ஊனோ சிக்னேயஸின் முயற்சியால் 1866ஆம் ஆண்டில் பின்லாந்தின் மக்கள் பள்ளிகளில் கைவினை கட்டாயப் பாடமானது. ‘ஸ்லாய்ட்’ என்று வழங்கப்படும் அந்த முறையைச் சுவீடனின் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் விரித்துரைத்து, பல நாடுகளிலிருந்து வந்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். எளிய பொருளிலிருந்து கடினமான பொருளுக்கு ஒரு வரிசை. முதலில் கையில் எடுப்பது கத்தி. ஒவ்வொரு பொருளும் வீட்டில் உண்மையாகப் பயன்படக்கூடியது. ஒரு வேலையைச் செவ்வையாக முடித்த பிறகே அடுத்ததற்குப் போக முடியும். மாணவன் தன் விருப்பப்படி வடிவமைத்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் கைக்குத் தெளிவு வந்தது.

ஆகவே தொடங்கியவருக்கு நான் சொல்வது: 32 வண்டிகளும் ஒரே மாதிரி இருந்தது பிழை அன்று. வெட்டுவதையும் துளையிடுவதையும் பிள்ளைகள் செய்யாமல் நீங்கள் செய்தீர்களே, அதுதான் பிழை. பயிற்சிக்கு எல்லாரும் ஒரே பொருளைச் செய்யலாம். ஆனால் அதைத் தொடக்கம் முதல் முடிவுவரை தம் கையால் செய்ய வேண்டும்.

---

கருவிப்பெட்டி

அளவுகோல் ஐயா, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். என் பதிவில் அதைச் சொல்லாமல் விட்டது என் குறைதான். விளையாட்டு வண்டியைக் கவிழ்த்துப் பார்ப்பதற்கும் சொந்த வண்டி செய்வதற்கும் இடையில் ஓர் அமர்வு முழுவதையும் பயிற்சிக்கு ஒதுக்குகிறேன். அதில் வண்டி எதுவும் செய்வதில்லை. வீணான அட்டைத் துண்டில் வட்டம் வெட்டுவது, அட்டைக்கு அடியில் களிமண் உருண்டையை வைத்துக் கூரான பென்சிலால் துளையிடுவது, இரண்டு துண்டுகளை மூன்று விதமாக இணைப்பது ஆகிய மூன்று வேலைகள் மட்டும். இவற்றை நான் செய்து காட்டுகிறேன், பிள்ளைகள் அப்படியே திரும்பச் செய்கிறார்கள். இங்கே சுதந்திரம் எதுவும் கிடையாது. கத்தரியைத் திருப்பாமல் தாளைத் திருப்ப வேண்டும் என்பதை ஒரு பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

திறனை நேரடியாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தத் திறனை எதற்குப் பயன்படுத்துவது என்பதை மட்டும் விட்டுவிடுகிறேன். நாம் இருவரும் ஒரே பணியின் இரண்டு அமர்வுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

---

பொறியாளர் தந்தை

நான் ஆசிரியர் அல்லன், இயந்திரப் பொறியாளர். என் மகள் படிக்கும் பள்ளியில் இரண்டு ஆண்டுகளாக இந்தப் பாடத்துக்கு உதவியாளாகப் போய் உட்காருகிறேன். வண்டிகள் உருளாமல் போவதைப் பற்றி அஞ்ச வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். உருளாத வண்டிதான் அந்த வகுப்பில் மிகுந்த பாடத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. ஆனால் அது ஏன் உருளவில்லை என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியாது. நான் அடிக்கடி காணும் கோளாறுகளை எழுதுகிறேன்.

முதலாவது, எல்லாவற்றையும் ஒட்டிவிடுவது. சக்கரம் சுற்றுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. அச்சும் சக்கரமும் ஒட்டி ஒன்றாகச் சுற்றலாம். அப்போது அச்சு உறிஞ்சுகுழலுக்குள் தளர்வாக இருக்க வேண்டும். அல்லது அச்சை அடித்தட்டோடு அசையாமல் ஒட்டிவிட்டு, சக்கரம் மட்டும் அச்சின் மேல் தளர்வாகச் சுற்றலாம். ஏதாவது ஓரிடத்தில் தளர்வு இருந்தே ஆக வேண்டும். பிள்ளைகளுக்கு ஒட்டுவதில் பேரார்வம். கழன்றுவிடக்கூடாது என்று இரண்டு இடத்திலும் பசையைக் கொட்டிவிடுவார்கள். ‘இந்த வண்டியில் எது சுற்ற வேண்டும், எது சுற்றக்கூடாது? விரலால் தொட்டுக் காட்டு’ என்று மட்டும் கேட்டால் போதும். தொட்டுக் காட்டும்போதே பாதிப் பிள்ளைகள் தவற்றைக் கண்டுகொள்கிறார்கள்.

இரண்டாவது, துளை நடுவில் இல்லாதது. அப்படிப்பட்ட வண்டி உருளும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கித் துள்ளும். நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க எளிய வழி, சக்கரத்தின் அதே அளவில் ஒரு தாள் வட்டம் வெட்டி, அதை இரண்டாக மடித்து, மீண்டும் இரண்டாக மடித்துப் பிரிப்பது. மடிப்புக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம்தான் நடு. அதை அட்டைச் சக்கரத்தின் மேல் வைத்துக் குத்திவிடலாம். விட்டம் என்ற சொல்லைக் கணக்கு வகுப்பில் கேட்பதற்கு முன்பே என் மகள் அதை மடித்து வைத்திருந்தாள்.

மூன்றாவது, சக்கரம் சாய்ந்து ஆடுவது. ஒற்றை அட்டையில் இட்ட துளைக்குத் தடிமன் போதாது. அச்சை அது செங்குத்தாகப் பிடித்து வைக்காது. இரண்டு மூன்று வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் ஆட்டம் நின்றுவிடும். நான்காவது, வண்டி ஒரு பக்கமாகவே ஓடுவது. முன் அச்சும் பின் அச்சும் இணையாக இல்லை என்று பொருள். அடித்தட்டின் இரு ஓரங்களிலும் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து பார்க்கச் சொன்னால் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். சக்கரம் அடித்தட்டில் உரசினால் இடையில் சிறிய உறிஞ்சுகுழல் துண்டு ஒன்றைக் கோத்துவிடலாம்.

அடித்தட்டு நடுவில் தொய்வதும் உண்டு. அட்டைப்பெட்டியின் அட்டையை வெட்டிப் பார்த்தால் உள்ளே நெளிநெளியாக ஒரு தாள் ஓடுவது தெரியும். அந்த நெளிவரிகள் வண்டியின் நீளவாட்டில் ஓடினால் அடித்தட்டு விறைப்பாக நிற்கும். குறுக்கே ஓடினால் சுமை ஏற்றியதும் வரியோடு மடங்கிவிடும். இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு விதமாகவும் வெட்டிய பட்டைகளைக் கையில் கொடுத்து வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வேறுபாட்டை விரல் உணர்ந்துவிட்டால் பிறகு மறப்பதில்லை.

சோதிக்கும்போது ஒரு சாய்வுப் பலகை போதும். பலகையின் உயரத்தை மாற்றாமல், வண்டியைத் தள்ளாமல் விட்டுவிட வேண்டும். மும்முறை ஓடவிட்டு, மூன்று தூரங்களில் நடுவில் வருவதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். சக்கரத்தையும் அச்சையும் ஒன்றாக மாற்றிவிட்டால் எதனால் கூடுதலாக ஓடியது என்று யாருக்கும் தெரியாது. என் தொழிலில் பெரியவர்களும் இந்தத் தவற்றைச் செய்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. கணிதவியலாளரும் கல்வி ஆய்வாளருமான சீமோர் பேப்பர்ட் தம் தோழர்களோடு 1967இல் குழந்தைகளுக்காக ‘லோகோ’ என்ற கணினி நிரல்மொழியை உருவாக்கினார். அதை முன்வைத்து அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது, செய்த வேலை சரியா தவறா என்று கேட்பதை விட்டுவிட்டு, அதைத் திருத்த முடியுமா என்று பிள்ளைகள் கேட்கப் பழக வேண்டும் என்பதுதான். அட்டை வண்டிக்கும் அது அப்படியே பொருந்தும். திருத்துவதற்கு ஓர் அமர்வை ஒதுக்காவிட்டால், உருளாத வண்டி தோல்வியாகவே வீட்டுக்குப் போய்ச் சேரும்.

---

இடக்கை

சிறப்புக் கல்வி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். கைத்திறன் போதவில்லை என்று ஒரு பிள்ளையைப் பற்றி முடிவுகட்டுவதற்கு முன் கருவியைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வழக்கமான கத்தரிக்கோல் வலக்கைக்காக அமைந்தது. வலக்கையால் பிடிக்கும்போது விரல்களின் அழுத்தம் இரண்டு அலகுகளையும் நெருக்கிச் சேர்க்கிறது. இடக்கையில் பிடித்தால் அதே அழுத்தம் அலகுகளைப் பிரித்துவிடுகிறது, தாள் வெட்டுப்படாமல் அலகுகளுக்கு இடையே மடிந்துபோகிறது. போதாததற்கு மேல் அலகு கோட்டையே மறைத்துவிடும். இடக்கைக்கென்று அமைந்த கத்தரியில் அலகுகள் மாறியிருக்கும். பிடியை மட்டும் இரு கைக்கும் பொதுவாக்கி விற்பவை இதற்கு உதவாது. பல மாதங்களாக ‘வெட்டத் தெரியாதவன்’ என்று பெயர் வாங்கியிருந்த ஒரு பையனுக்கு அந்தக் கத்தரியைக் கொடுத்தேன். அவன் ஒரு வட்டத்தை வெட்டி முடித்துவிட்டு, எதுவும் பேசாமல் இன்னொரு தாளை எடுத்தான். மணி அடிக்கும்வரை வெட்டிக்கொண்டே இருந்தான்.

வரைபடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதலில் வரை, பிறகு செய் என்று எல்லா வகுப்புகளிலும் வற்புறுத்துகிறோம். 6, 7 வயதுப் பிள்ளையிடம் வண்டியை வரையச் சொன்னால், அது வண்டியோடு சூரியனையும் மரத்தையும் ஓட்டுநரையும் வரையும். பிறகு அந்தத் தாளைத் திரும்பிப் பார்க்காமல் வேறொன்றைச் செய்யும். படம் என்பது அதற்கு ஒரு கதை. செய்வதற்கான திட்டமாக ஒரு படம் இருக்க முடியும் என்ற எண்ணமே இன்னும் வந்திருக்காது. அந்த வயதில் பொருள்களைக் கையில் எடுத்து, ஒட்டாமல் வைத்துப் பார்த்து, நகர்த்தி, மாற்றி அடுக்குவதே யோசிக்கும் முறை. நான் பசையைப் பூட்டி வைத்துவிட்டு, முதல் 20 நிமிடம் அடுக்கிப் பார்க்க மட்டும் விடுகிறேன். செய்து முடித்த பிறகு, பக்கத்து வகுப்புப் பிள்ளை பார்த்துச் செய்யும்படி வரைந்து கொடு என்று கேட்டால், படம் திட்டமாக மாறத் தொடங்குகிறது. எந்தத் துண்டு எதற்கு அடியில் போகிறது என்று அம்புக்குறி போடுகிறார்கள்.

---

தலைமையாசிரியர்

பாதுகாப்பைப் பற்றி யாரும் இதுவரை எழுதவில்லை. அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரம்பத்தையோ துளைக்கருவியையோ கண்டு அஞ்சி எல்லாவற்றையும் விலக்கிவிடும் பள்ளிகள் உண்டு. மேசை விளிம்பில் மாட்டும் தடுப்புப் பலகையில் மரக்குச்சியை அழுத்திப் பிடித்து, சிறிய ரம்பத்தால், நின்றபடி அறுக்க 8 வயதுப் பிள்ளையால் முடியும். பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். ஒரு மேசையில் ஒருவர் மட்டும் அறுக்க வேண்டும். பெரியவர் ஒருவர் அந்த மேசையை விட்டு நகரக்கூடாது. சூடான பசைத் துப்பாக்கியைக் கீழ் வகுப்புகளில் பெரியவர்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும். குறைந்த வெப்பத்தில் இயங்குவது என்று விற்கப்படுவதும் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ் சூட்டில் பசையை உருக்குகிறது. அது தோலைச் சுட்டுவிடும்.

ஆனால் என் பள்ளியில் நான் முழுமையாகத் தடைசெய்திருப்பது இவை எதையும் அன்று. பொத்தான் வடிவ மின்கலத்தைத்தான். பார்க்கச் சாதுவாக இருக்கும். ஒளிரும் வாழ்த்து அட்டை செய்ய மிகவும் வசதியானது என்று பலரும் பரிந்துரைக்கிறார்கள். ஒரு பிள்ளை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரமான திசுவின் வழியே மின்னோட்டம் பாய்ந்து காரப்பொருள் உண்டாகி, 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக அரித்துப் புண்ணாக்கிவிடும். அதற்குப் பதிலாக 1.5 வோல்ட் பென்சில் மின்கலங்கள் இரண்டை அதற்குரிய பெட்டியில் பொருத்திக் கொடுங்கள். அதிலும் கம்பியால் இரு முனைகளையும் நேராக இணைத்துவிட்டால் கம்பியும் மின்கலமும் சுடும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நேரத்தைப் பற்றி: வாரம் ஓர் அமர்வு என்று பிரித்தால் எடுத்துவைப்பதற்கும் அள்ளிவைப்பதற்குமே பாதி போய்விடுகிறது. நாங்கள் ஒரு பருவத்தின் அமர்வுகளையெல்லாம் சேர்த்து, அடுத்தடுத்த மூன்று பிற்பகல்களில் நடத்துகிறோம். பசை காய்வதற்கு ஓர் இரவு கிடைக்கிறது. பிள்ளைகளின் நினைவும் அறுபடுவதில்லை.

---

முக்கோணம்

எல்லாரும் வண்டியைப் பற்றிப் பேசுவதால், கட்டமைப்புகளைப் பற்றி ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் சிறுவர்களுக்கான தம் நிறுவனத்தைத் தொடங்கிய பிரடெரிக் ஃப்ரோபல், 1840இல் அதற்குக் ‘கிண்டர்கார்டன்’ என்று பெயரிட்டார். மரக்கட்டைகளோடு கூடவே, ஊறவைத்த பட்டாணியில் மெல்லிய குச்சிகளைக் குத்திச் சட்டகங்கள் செய்யும் வேலையும் அவருடைய முறையில் உண்டு. பட்டாணி காய்ந்ததும் மூட்டு இறுகிவிடும்.

1895இல் பிறந்த அமெரிக்கக் கட்டட வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் தம் சிறுவயதில் இந்த வேலையைச் செய்ததைப் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அவருக்குப் பார்வை மிகவும் மங்கல். மற்றப் பிள்ளைகள் தாம் பார்த்த வீடுகளைப் போலச் சதுரம் சதுரமாகக் கட்டினார்கள். வீடுகளைத் தெளிவாகப் பார்த்திராத இவர், கையால் தடவி, எது நெளியாமல் நிற்கிறது என்று தேடினார். முக்கோணம் மட்டுமே நின்றது. முக்கோணங்களைக் கோத்து அன்று அவர் கட்டிய அமைப்பைத்தான், பின்னர் கட்டடங்களுக்கு உரிய தாங்குசட்டகமாக விரித்து, 1961இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

என் நான்காம் வகுப்பில் குச்சிகளையும் களிமண் உருண்டைகளையும் கொண்டு இதைச் செய்கிறோம். சதுரத்தைக் கட்டி ஒரு மூலையில் தள்ளிப் பார், பிறகு குறுக்கே ஒரு குச்சி வைத்துத் தள்ளிப் பார் என்று மட்டும் சொல்கிறேன். மரக்குச்சிச் சட்டகம் செய்யும்போதும் மூலைகளில் முக்கோண அட்டையை ஒட்டச் சொல்கிறோம். அப்போது யாரும் ‘நீங்கள் ஒட்டச் சொன்னீர்கள்’ என்று சொல்வதில்லை.

---

மூன்றாம் வகுப்பு ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்கள் கழித்துத் திரும்பி வந்திருக்கிறேன். எங்கள் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டு மூன்று பிற்பகல்களை வாங்கிக்கொண்டு, அதே வண்டியை அதே பிள்ளைகளோடு மீண்டும் செய்தேன். பணி: நூலகத்தில் புத்தகங்களை அலமாரிக்குக் கொண்டுபோக உதவும் வண்டி ஒன்றின் சிறிய மாதிரி. மூன்று புத்தகங்களைச் சுமக்க வேண்டும், வாசல்படியின் மெல்லிய விளிம்பைத் தாண்ட வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளை மட்டும் வைத்தேன்.

முதல் பிற்பகல் முழுவதும் பயிற்சி. அளவுகோல் ஐயா சொன்னபடி, ஒவ்வொரு வெட்டையும் ஒவ்வொரு துளையையும் பிள்ளைகளே செய்தார்கள். உண்மையைச் சொன்னால், அன்று மாலை தரையில் கிடந்த கோணல் வட்டங்களைப் பார்த்தபோது பழையபடி நானே வெட்டிவிடலாமா என்று தோன்றியது. வெட்டவில்லை.

இரண்டாம் பிற்பகலில் 32 வண்டிகளில் 11 வண்டிகள்தாம் உருண்டன. தன் வண்டியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போன அதே சிறுமியின் வண்டி உருளாத 21இல் ஒன்று. முன் அச்சு நன்றாகச் சுற்றியது, பின் அச்சு அசையவே இல்லை. எது சுற்ற வேண்டும், தொட்டுக் காட்டு என்றேன். சக்கரத்தைத் தொட்டாள், அச்சைத் தொட்டாள், உறிஞ்சுகுழலில் விரலை வைத்ததும் நிறுத்திக்கொண்டாள். பசை குழலின் வாய்க்குள் கசிந்து இறங்கி, அச்சைக் கவ்விப் பிடித்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் குழலை உரித்தெடுத்தாள். அட்டையின் மேல்தாளும் கூடவே கிழிந்து வந்தது. எனக்குப் பதறியது, அவள் பதறவில்லை. கிழிந்த இடத்தைத் தடவிப் பார்த்து, உள்ளே தெரிந்த நெளிவரிகளைக் காட்டி, ‘குச்சி இதற்குள்ளேயே போகுமா?’ என்று கேட்டாள்.

வரிகள் குறுக்கே ஓடும்படி இன்னொரு பட்டையை வெட்டி அடியில் ஒட்டி, குழலே இல்லாமல் நெளிவரியின் துவாரத்துக்குள் குச்சியைச் செருகினாள். இறுக்கமாக இருந்தது, மெல்லிய குச்சியாகத் தேடி எடுத்து வந்தாள். அது சுற்றியது. வண்டி சற்றுத் தள்ளாடியபடி ஓடி வாசல்படி விளிம்பைத் தாண்டியது. அப்படி ஒரு வழி இருப்பதாக எனக்கே தெரியாது.

மூன்றாம் நாள் முடிவில் 29 வண்டிகள் உருண்டன. மற்ற மூன்றையும் ஏன் உருளவில்லை என்று அதன் சொந்தக்காரர்களே வகுப்பின் முன் விளக்கினார்கள்.

இப்போது வேறொரு சிக்கல். மதிப்பெண் பதிய வேண்டும். உருளாத வண்டிக்காரன் ஒருவன் எல்லாரையும்விடத் தெளிவாக விளக்கினான். இரண்டையும் ஒரே எண்ணுக்குள் எப்படி அடக்குவது?

---

கருவிப்பெட்டி

அந்த நெளிவரி வழியைப் படித்துவிட்டு இப்போதே எழுந்து போய் அட்டையை வெட்டிப் பார்த்தேன், அம்மா. என் பிள்ளைகளுக்கும் காட்டப் போகிறேன். ஆனால் முதலில் கேட்டுப் பார்க்கிறேன், அவர்களுக்குத் தோன்றுகிறதா என்று.

மதிப்பெண்ணுக்கு நான் வண்டியைப் பார்ப்பதில்லை, குறிப்பேட்டையே பார்க்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கத்தில் மூன்று வரிகள் மட்டும் எழுத வேண்டும்: எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன், மாற்றிய பின் என்ன ஆயிற்று. எழுத முடியாத பிள்ளை சொல்ல, நான் எழுதிக்கொள்கிறேன். பழைய துண்டைத் தூக்கிப் போட விடாமல், அந்தப் பக்கத்திலேயே ஒட்டச் சொல்கிறேன். கோணலாக வெட்டிய முதல் சக்கரமும் பிறகு வெட்டிய சக்கரமும் அடுத்தடுத்து இருந்தால் பெற்றோருக்கும் விளக்கம் தேவைப்படுவதில்லை. கைத்திறனுக்குத் தனியாக ஒரு பதிவு வைக்கிறேன்: கோட்டின் மேல் வெட்டுகிறாரா, துளை நடுவில் விழுகிறதா, மூட்டு நிற்கிறதா. இந்த இரண்டையும் நான் ஒரே எண்ணாகக் கூட்டுவதில்லை. கூட்டித்தான் ஆக வேண்டும் என்று பள்ளி சொன்னால், மாற்றத்தின் காரணத்துக்குப் பாதிக்கு மேல் ஒதுக்குங்கள்.

---

மூன்றாம் வகுப்பு ஆசிரியை (இழையைத் தொடங்கியவர்)

குறிப்பேட்டை அடுத்த பணியிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். அது கைவிளக்கு. பழைய கைவிளக்குகள் நான்கு சேர்த்து வைத்திருக்கிறேன். திங்களன்று அவற்றைப் பிரித்துப் பார்ப்பதிலிருந்து ஆரம்பிக்கிறோம். பென்சில் மின்கலங்கள்தாம் வாங்கியிருக்கிறேன். முதல் நாள் உறை எதுவும் தயாரித்து எடுத்துப் போகப் போவதில்லை. இடக்கைப் பிள்ளைகள் நான்கு பேர் இருப்பதை இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். அவர்களுக்கான கத்தரிக்கோல்கள் வரும்வரை வெட்டும் வேலையை இரண்டாம் பிற்பகலுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.